சொல்லின் பிறப்பும் சொல்லப்படும் கதையும்



ஆங்கிலப் பாடம் நடத்திய காலத்தில் நான் மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுத்தவற்றுள் ஒன்று தவறு என்பதைப் பிற்காலத்தில் அறிந்துகொண்டேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குவதே முறையாகும்.

'பாஷ்' என்றோர் ஆங்கிலச் சொல் உண்டு. செல்வமும் உயர்குடி நாகரிகமும் பொருந்தியது என்பது அதன் பொருள். இது பிறந்த கதையாக நான் வகுப்பில் கூறிவந்தது பின்வருமாறு: இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்த துரைமார், செங்கடலின் வெயில் தாக்காத அறைகளையே நாடினர். வரும்போது கப்பலின் இடப்புறம். தாயகம் திரும்பும்போது வலப்புறம். அதற்கென மிகுந்த கட்டணம் செலுத்தியோரின் பயணச்சீட்டில், 'செல்கையில் இடம், திரும்புகையில் வலம்' என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைப் பொறித்தனர். அந்நான்கெழுத்துமே 'பாஷ்' ஆயிற்று.

கேட்பதற்கு எத்துணைப் பொருத்தம்! வகுப்பு முழுதும் வாய்பிளந்து கேட்கும். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அந்தச் சீட்டை யாராவது பார்த்திருக்கிறார்களா, சார்?" என்று வினவினாள். "எல்லோரும் சொல்வதுதான், உட்கார் அம்மா" என்று சற்றுச் சினத்துடனேயே விடையளித்தேன்.

ஓய்வு பெற்றபின் பெரிய அகராதிகளைப் புரட்டியபோதுதான் அவ்வினாவின் அருமை எனக்கு விளங்கிற்று. அவ்வெழுத்துகள் பொறித்த சீட்டு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இக்கதையை ஏற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கொச்சை வழக்கிலேயே அவ்வோசையுடைய சொல் காசையும், பகட்டாக உடுத்துபவனையும் குறித்து வழங்கியது. கப்பற்கதை எழுத்தில் தோன்றியதோ அதற்கு நெடுநாள் கழித்துத்தான்.

இதனால், வியப்பூட்டும் கதைகள் யாவும் பொய் என்று எண்ணிவிட வேண்டா. 'டாட்ரி' என்ற சொல்லைப் பாருங்கள். மலிவான பகட்டு என்பது அதன் பொருள். 7ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஈலி என்னும் ஊரில் துறவியர் மடம் நிறுவிய எதெல்த்ரித் என்னும் அரசியாரை மக்கள் ஆட்ரி என்று அழைத்தனர். 679இல் கழுத்தில் கட்டி தோன்றி அவர் மறைந்தார். இளமையில் ஆரங்கள் அணிந்து மகிழ்ந்ததற்குக் கிடைத்த தண்டனை இது என்று அவரே கருதியதாகப் பீடு என்னும் வரலாற்றாசிரியர் 8ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். பின்னாளில் அவர் திருநாளையொட்டி நடந்த சந்தையில், மகளிர் கழுத்தில் அணியும் பட்டு நாடாக்கள் விற்கப்பட்டன. 'செயின்ட் ஆட்ரி நாடா' என்பது அதன் பெயர். மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று நம் இலக்கணத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அவ்வாறே 'செயின்ட்' என்பதன் ஈற்று மெய் நகர்ந்து 'ஆட்ரி'யோடு ஒட்டி, 'டாட்ரி நாடா' ஆயிற்று. நாடாவின் தரம் தாழத் தாழச் சொல்லின் மதிப்பும் தாழ்ந்தது. ஆரம் அணிந்ததற்கு வருந்திய அம்மையாரின் பெயர் போலிப் பகட்டுக்குப் பெயராய் நின்றது கொடுமைதான். எனினும் இது கட்டுக்கதை அன்று. ஒவ்வொரு படிக்கும் பழைய எழுத்துச் சான்று உண்டு.

இன்னும் தெளிவான பிறப்புடையது 'செரண்டிப்பிட்டி'. இச்சொல்லுக்குப் பிறந்த நாளே தெரியும். 1754ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் தம் நண்பர் ஹொரேஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் படைத்தார். செரண்டிப் என்பது இலங்கையின் பழம்பெயர்களுள் ஒன்று. அந்நாட்டு இளவரசர் மூவர், தாம் தேடாதவற்றைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டறிந்தனர் என்ற கதையிலிருந்து அவர் இதை ஆக்கினார். இன்று பலர் இதற்கு 'அதிர்ஷ்டம்' என்றே பொருள் எழுதுகின்றனர். கூர்மதியை விட்டுவிடுகின்றனர்! 1928இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை படிந்தது தற்செயல். அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருந்ததை அவர் நின்று நோக்கியது தற்செயல் அன்று.

நம் மாணவர் சிலர் 'ஒன்று' என்பதிலிருந்தே ஆங்கில 'ஒன்' வந்தது என்கின்றனர். அச்சொல்லின் பழைய ஆங்கில வடிவம் 'ஆன்' என்பதை அவர்கள் அறியார். கட்டுமரம் நம்மிடமிருந்து போன சொல் என்பதற்கோ 17ஆம் நூற்றாண்டுப் பயண நூலே சான்று.

கடைசியாக, பிறவாமலே வாழ்ந்த ஒரு சொல்லைச் சொல்கிறேன். 1934இல் அமெரிக்காவில் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டார்ட்' என்றொரு சொல் இருந்தது, பொருள், அடர்த்தி. 1939இல் அவ்வகராதியின் பதிப்பாசிரியர் ஒருவர், அதற்குச் சொற்பிறப்பு எழுதப்படாதிருப்பதைக் கண்டு ஐயுற்றார். பழைய துண்டுச்சீட்டுகளைத் தேடியபோது 1931இல் எழுதிய சீட்டு அகப்பட்டது. அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கமாகப் 'பெரிய டி அல்லது சிறிய டி' என்று அதில் எழுதியிருந்தது. 'அல்லது' என்பதற்குரிய ஈரெழுத்து ஆங்கிலச் சொல்லையும் இருபுறத்து டி எழுத்துகளையும் யாரோ ஒன்றாய்ச் சேர்த்துவிட்டனர்! பிற்கால அச்சுகளில் அச்சொல் நீக்கப்பட்டது.

அன்று வினவிய மாணவி இப்போது தாமே ஓர் ஆசிரியை. கப்பற்சீட்டை யாரும் பார்த்ததில்லை என்று சென்ற ஆண்டு அவருக்குக் கடிதம் எழுதினேன். இந்தத் துண்டுச்சீட்டின் வரலாற்றையும் அதிலேயே எழுதினேன்.