சுவாசப்பை நாடியடைப்பும் மருந்தை நிறுத்துங் காலமும்

காலின் ஆழ்நாளங்களில் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து, இதயத்தின் வலப்பாகத்தினூடே சென்று, சுவாசப்பை நாடியை அடைத்துக்கொள்ளும் நோய் கொடியது. அவசர சிகிச்சையால் உயிர் தப்பி வீடு திரும்பிய பின் நிகழ்வனவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தவை. சம்மாந்துறை, கல்முனைப் பகுதிகளில் வேளாண்மை வெட்டுத் தொடங்கியதும், "உடம்பு சுகந்தானே" எனக் கிளினிக்கை மறந்து குளிசையைத் தாமே நிறுத்துவோர் உளர்.

அக்குளிசையின் வரலாறு விந்தையானது. 1920களில் வட அமெரிக்காவிற் பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் குருதி பெருகி இறந்தன. 1933இல் விசுக்கொன்சின் மாநிலக் கமக்காரர் ஒருவர் உறையாத மாட்டுக்குருதியைப் பாற்கலனில் ஏந்திப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பேராசிரியர் கார்ல் பவுல் லிங்கின் ஆய்வுகூடத்தார் 1939இல் அந்நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்பரின், 1948இல் எலிமருந்தாகவே சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதர்க்குரிய மருந்தாயிற்று. அதன் பெயரின் முற்பகுதி, ஆய்வுக்குப் பொருளுதவிய பழைய மாணவர் நிறுவனத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துக்களாலானது. நம் பழைய மாணவர் சங்கத்தார் இதனைக் கவனிப்பாராக!

இத்தகைய மருந்தின் பயனை 1960இற் பிரிஸ்ரல் நகர வைத்தியர் பரிற்றும் ஜோர்டனும் நிறுவினர். சிகிச்சை பெறாத 19 பேரில் ஐவர் இந்நோயாலேயே மாண்டனர். பெற்ற 16 பேரில் ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை.

மருந்து கட்டியைக் கரைப்பதில்லை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். கரைப்பது உடலே, மருந்து புதுக்கட்டி தோன்றாது காவல் நிற்கும். அக்காவல் குறைந்தது மூன்று மாதமேனும் வேண்டும். அதன் பின்னர் கேள்வி மாறுகின்றது: நோய் எதனால் வந்தது? பெரிய சத்திரசிகிச்சையால் வந்ததாயின், மருந்தை நிறுத்தலாம். முதலாண்டில் மீண்டும் வருவது நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்க்கே. காரணமின்றி வந்ததாயினோ, நிறுத்தியவருள் முதலாண்டில் நூற்றுக்குப் பத்துப்பேர் வரையிலும், ஐந்தாண்டுகளிற் கால்வாசிப்பேர் வரையிலும் மீண்டும் நோயுறுகின்றனர். மூன்று மாதத்துக்குப் பதில் ஓராண்டு உண்டு நிறுத்தினும் இவ்வாபத்து பெரிதும் குறைவதில்லை, பிற்போடப்படுகின்றது, அவ்வளவே. ஆதலின் இத்தகையோர் பலர் முடிவுநாளின்றி மருந்தைத் தொடர நேர்கின்றது. மறுதட்டிற் குருதிப்பெருக்கு என்னும் அச்சம் உண்டு. முதுமை, சிறுநீரக நலிவு, முன்னைய இரைப்பைப் புண், அஸ்பிரின் ஆகியன அதனை மிகுவிக்கும். நிறுத்துவதா தொடர்வதா என்பதை வைத்தியரும் நோயாளியும் ஆண்டுதோறும் எடைபோட்டே துணிதல் வேண்டும்.

வார்பரின் உண்போர் ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனை அளவை 2க்கும் 3க்கும் இடையிற் பேணுவர். முருங்கையிலை, பொன்னாங்காணி முதலிய கீரைகளில் மிகுந்துள்ள உயிர்ச்சத்து 'கே' இம்மருந்துக்கு எதிரி. எனினும் கீரையை அறவே வெறுக்க வேண்டுவதில்லை. ஒருவாரம் மிகுதியாகவும் மறுவாரம் இன்றியும் உண்பதே தீது. ரிவரொக்சபான் போன்ற புதிய குளிசைகளுக்கு இச்சோதனை வேண்டாம். ஆயின் ஓரிரு வேளை தவறினும் காவல் நீங்கிவிடும்.

மூன்று மாதத்தின் பின்னும் படியேற மூச்சு வாங்குமாயின், அதனை வயதின் மேற் போட்டு வாளாவிருத்தல் கூடாது. நூற்றுக்குச் சிலரிற் பழைய கட்டி தழும்பாகி, சுவாசப்பை நாடியின் அழுத்தத்தை உயர்த்தி, இதயத்தை நலிவிக்கும். காலத்தே கண்டறியின், அத்தழும்பைச் சத்திரசிகிச்சையால் உரித்தெடுத்தும் பலரைக் குணப்படுத்துகின்றனர்.