ஹெட்போனில் ஒரு கடல்! - கொல்கத்தா ஜோடியின் 'ஓஷன்' கேட்டிருக்கிறீர்களா?

கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு, சர்ச் திருவிழாவுக்கு பேண்டு வாத்தியம், கல்யாண வீட்டில் விடியும் முன்பே ஸ்பீக்கர். குமரி மாவட்டத்தில் பாட்டு என்றால் அடுத்த தெருவுக்கும் சேர்த்துத்தான் ஒலிக்கும். இதற்கு நேர் எதிராக, காதோரம் வந்து ரகசியம் சொல்வது போன்ற ஓர் இசை உண்டு. அதன் பெயர் ட்ரீம் பாப். இந்தியாவில் அதை அழகாகச் செய்துகாட்டியவர்கள் கொல்கத்தாவின் 'பரேக் அண்ட் சிங்'. அவர்களின் முதல் ஆல்பம் 'ஓஷன்'. பெயரே கடல். முக்கடல் ஊர்க்காரர்கள் கேட்காமல் விடலாமா?

யார் இந்த ஜோடி?

நிஷ்சய் பரேக் பாடுவார், கிட்டார் வாசிப்பார், பாடல்களையும் எழுதுவார். டிரம்ஸும் எலெக்ட்ரானிக் ஒலிகளும் ஜீவ்ராஜ் சிங்கின் பொறுப்பு. ஜீவ்ராஜின் அம்மா ஜெயஸ்ரீ, அப்பா ஞான் சிங் இருவருமே 'ஸ்கின்னி ஆலி' என்ற கொல்கத்தா ராக் பேண்டில் இருந்தவர்கள். 2013-ல் நிஷ்சயின் பெயரில் வந்த 'ஓஷன்', 2016-ல் லண்டனின் 'பீஸ்ஃப்ராக் ரெக்கார்ட்ஸ்' மூலம் இருவர் பெயரிலும் உலகெங்கும் வெளியானது.

கொல்கத்தாவில் ஆங்கிலப் பாட்டா என்று ஆச்சர்யப்பட வேண்டாம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நம் உஷா உதுப், அந்த நகரின் பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள 'ட்ரின்காஸ்' உணவகத்தில் பாடிப் புகழ்பெற்றவர்தான்.

கனவு எப்படி உருவாகிறது?

சுசீந்திரம் கோயிலின் கல் பிரகாரத்தையோ, உயரமான கூரை கொண்ட ஒரு பழைய தேவாலயத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே எழும் ஒலி சட்டென்று அறுந்துபோகாது. சுவர்களில் பட்டுத் திரும்பி, கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத்தான் அடங்கும். ஸ்டூடியோவில் இதைக் கருவிகளால் உண்டாக்குவதற்குப் பெயர் 'ரிவெர்ப்'. ட்ரீம் பாப்பின் உயிரே அதுதான். கிட்டாரின் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் படியும். குரலும் முன்னால் வந்து அதிகாரம் செய்யாமல், கருவிகளோடு கலந்து நிற்கும்.

1980-களில் இந்தப் பாணிக்கு வழிபோட்டது ஸ்காட்லாந்தின் 'காக்டோ ட்வின்ஸ்'. அவர்களின் பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பாடும் வார்த்தைகள் பல நேரம் ஆங்கிலேயர்களுக்கே பிடிபடாது. 'ஓஷன்' அப்படி அல்ல. எளிய வார்த்தைகள், பக்கத்தில் உட்கார்ந்து பேசும் தொனி. தாலாட்டாகி நம்மைத் தூங்கவைத்துவிடாமல் காப்பது ஜீவ்ராஜின் நுணுக்கமான தாளம். இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று சிலருக்குத் தோன்றலாம். அது நியாயம்தான்.

'ஐ லவ் யூ பேபி, ஐ லவ் யூ டால்' பாடலின் வீடியோவையும் பாருங்கள். வெளிர் நிறங்கள், கச்சிதமான கோட் சூட், ஹாலிவுட் இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் படம் போன்ற ஃப்ரேம்கள்!

இதில் இந்தியா எங்கே?

'சிதார் இல்லை, தபலா இல்லை, இது எப்படி இந்திய இசை?' என்று கேட்கலாம். ஆனால், வெளிநாட்டுக்காரர்கள் எதிர்பார்க்கும் இந்தியாவை நடித்துக்காட்டாமல், தங்களுக்கு வந்த இசையைச் செய்தார்கள் இந்த இருவரும். லண்டன் அவர்களைத் தேடி வந்தது அதற்காகத்தான் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. நம்மூரில் எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளை சென்னையிலோ வளைகுடாவிலோ தனியாக இருக்கிறது. வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் இரவில், அழவும் வைக்காமல், ஆடவும் சொல்லாமல், சும்மா கூட இருக்கும் பாட்டு தேவைப்படுகிறது. 'ஓஷன்' அந்த வகை.

போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி அழகு போய்விடும், ஹெட்போன் அவசியம். 'பாண்டா', 'ஃபிலாசஃபைஸ்', 'கோஸ்ட்' மூன்றிலிருந்து தொடங்குங்கள். பிடித்திருந்தால், 2019-ல் வந்த 'சயின்ஸ் சிட்டி' ஆல்பம் காத்திருக்கிறது. பெற்றோர்களே, பிள்ளை எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டு அப்படி என்னதான் கேட்கிறது என்ற சந்தேகமா? திட்டுவதற்கு முன், ஒரு பக்க இயர்போனை வாங்கி உங்கள் காதிலும் வைத்துப் பாருங்கள்!