சாரதியின் ஓய்வும் இல்லமும்

வண்டி நிற்கும் நேரமெல்லாம் சாரதிக்கு ஓய்வாகுமா? நெடுந்தூரம் சரக்கேற்றிச் செல்லும் லொறிச் சாரதிகளின் வாழ்விலே இது முக்கியமான வினாவாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டில் இயற்றிய விதிகளின்படி, நாலரை மணி நேரம் ஓட்டிய சாரதி 45 நிமிடம் இளைப்பாறுதல் வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு 9 மணி நேரமே ஓட்டலாம். 11 மணி நேரம் ஓய்வு கொள்ளல் வேண்டும். வண்டியிலுள்ள ஒரு கருவி இந்நேரங்களைப் பதிவுசெய்யும்.

ஆயினும், களைப்பாறும் நேரம் வேறு. குடும்பத்தோடு கூடியிருக்கும் நேரம் வேறு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மேற்கே சென்று உழைத்த சாரதிகள் பலர், வாரக்கணக்காக வண்டியிலேயே உண்டு உறங்கினர். பதிவிலே ஓய்வு இருந்தது. பிள்ளைகளின் முகத்தையோ அவர்கள் கண்டிலர்.

இக்குறையைப் போக்க 2020இல் புதிய விதிகள் எழுந்தன. நான்கு வாரத்துக்குள் ஒரு முறையேனும் சாரதி தம் வீட்டுக்கோ, நிறுவனம் அமைந்த நாட்டிலுள்ள அதன் நிலையத்துக்கோ திரும்பத்தக்கதாக வேலையை ஒழுங்குசெய்தல் நிறுவனத்தின் கடமையாயிற்று. 45 மணி நேர வார ஓய்வை வண்டிக்குள்ளே கழித்தலாகாது. வெளியே தங்கும் செலவும் நிறுவனத்தையே சாரும்.

வண்டிகளும் எட்டு வாரத்துக்கொருமுறை திரும்பவேண்டும் என்ற விதியை ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024இல் நீக்கியது; சாரதி திரும்புதல்பற்றிய விதியையோ நிலைநிறுத்தியது. ஓய்வை மணிக்கணக்கால் அளக்கலாம். குடும்ப வாழ்வுக்கோ வீடு திரும்பும் நாளும் குறிக்கப்படல் வேண்டும்.