ஒற்றைப் பக்க இணையத்தளமும் தேடுவோரும்

அயலூரில் சிறு தொழில் தொடங்கும் நம்மவர் வீடுகளில் இக்காலத்தில் பெயர்ப்பலகைக்கு முன்னரே இணையத்தளம் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது ஒரே பக்கம். மேலிருந்து கீழாக விரலால் தள்ளிக்கொண்டே போனால் வணக்கம், தொழில் விவரம், படங்கள், விலை, தொலைபேசி எண் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். செலவு குறைவு, பராமரிப்பதும் எளிது. ஆயினும், "பக்கம் இருக்கிறது, கூகிளில் தேடினால் அகப்படவில்லை" என்னும் குறையைச் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆகவே அதைப்பற்றிச் சிறிது விரிவாக எழுதுவது நலமெனக் கருதினோம்.

நாகபுரியில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று. அம்மையார் மதிய உணவு சமைத்து டப்பாவில் அனுப்புகிறார். கணவர் ஓய்வு பெற்றபின் மிருதங்கம் கற்பிக்கிறார். மருமகள் ரவிக்கை தைக்கிறார். இம்மூன்று வருவாயும் சேர்ந்தால்தான் வீட்டு வாடகையும் பேரனின் பள்ளிக் கட்டணமும் தீரும். மூன்று தொழிலையும் ஒரே பக்கத்தில் ஏற்றி, "நல்வரவு" என்று தலைப்பிட்டிருந்தனர். உணவு வகைகளும் விலையும் அழகிய வண்ணச் சுவரொட்டியாக, ஒரே படமாக இருந்தன. பல மாதங்கள் வரையில் அப்பக்கத்தைப் பார்த்தவர் உறவினர் மட்டுமே.

இதன் காரணம் விளங்கவேண்டுமானால் தேடுபொறி வேலை செய்யும் முறையை அறியவேண்டும். அதன் தானியங்கி முதலில் பக்கங்களைச் சென்று படிக்கிறது. படித்தவற்றைப் பெரியதோர் அடைவில் சேர்த்து வைக்கிறது. பின்னர் ஒருவர் ஏதேனும் கேட்கும்போது, அக்கேள்விக்குப் பொருத்தமான பக்கங்களை எடுத்து நீட்டுகிறது. அது எடைபோடுவது பெரும்பாலும் பக்கம் பக்கமாகத்தான். உணவு, மிருதங்கம், தையல் மூன்றையும் சமமாகப் பேசும் பக்கம் எந்த ஒன்றைத் தேடுவோருக்கும் முதன்மையான விடையாகத் தோன்றுவதில்லை. மூன்று ஊர்களின் பெயரை ஒரே நிலையத்துப் பலகையில் எழுதிவைத்தால் பிரயாணி இறங்குவாரா?

"மேலே மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனிச் சுட்டி வைத்திருக்கிறோமே" என்பர் சிலர். அச்சுட்டிகள் அதே பக்கத்தின் கீழ்ப்பகுதிக்குத் தாவச் செய்வன. முகவரியின் இறுதியில் ஒரு வேலிக்குறியும் ஒரு சொல்லும் சேரும், அவ்வளவே. அக்குறிக்குப் பின் வருவதைக் கூகிள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. அதன் கண்ணுக்கு எல்லாம் ஒரே முகவரிதான்.

ஒற்றைப் பக்கமே ஆகாதென்று நாம் சொல்லவில்லை. ஒரு தொழில், ஓர் ஊர், ஒரு வகை வாடிக்கையாளர் என்றிருந்தால் அதுவே தாராளமாகப் போதும். தொழில் மூன்றானால் அதே தளத்தில் மூன்று பக்கங்கள் அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுட்டி கொடுத்துவிடலாம்.

இனி, பக்கத்தில் எழுதவேண்டியவை. "நல்வரவு" என்ற தலைப்பால் ஒரு பயனுமில்லை. தொழிலின் பெயரும் பேட்டையின் பெயரும் தலைப்பில் வரவேண்டும். விலைப்பட்டியலைப் படமாக இடாமல் எழுத்தாகவே இடுக. படத்துக்குள்ளிருக்கும் எழுத்தை நம்பியிருத்தல் தகாது. படம் தேவையெனில் அதனுடன் ஒரு வரி விளக்கமும் சேர்க்க. தமிழ் எழுத்து யூனிக்கோடு முறையில் இருத்தல் இன்றியமையாதது. பழைய அச்சக எழுத்துருக்களில் தட்டிய தமிழ் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே.

நம்மவர் பெரிதும் இடறுவது மொழியில்தான். தமிழ்ப்பற்றினால் தமிழில் எழுதுகிறோம், மகிழ்ச்சிதான். ஆனால் நாகபுரியில் டப்பா வாங்குவோர் பெரும்பாலும் மராத்தியரும் இந்திக்காரரும் அல்லவா? அவர்கள் "சாம்பார் சாதம்" என்று தமிழில் தட்டித் தேடப்போவதில்லை. அதற்காக ஒவ்வொரு வரியின் கீழும் மூன்று மொழிகளை அடுக்குவதும் சரியன்று. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தைக் கொண்டே அதன் மொழி இன்னதென்று கூகிள் முடிவு செய்கிறது. கலந்து எழுதினால் தடுமாறும். மொழிக்கொரு பக்கம் வைப்பதே அதன் அறிவுரையும் ஆகும். மிருதங்கப் பக்கம் தமிழிலும், உணவுப் பக்கம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பது நம் அபிப்பிராயம்.

நிற்க. உள்ளூர்த் தொழிலுக்கு இணையப் பக்கத்தினும் முந்திச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கூகிளின் வரைபடத்தில் தொழில் விவரப் பதிவு இலவசமாகவே கிடைக்கிறது. பொருத்தம், தொலைவு, பெயர்பெற்றிருத்தல் ஆகிய மூன்றையும் பார்த்தே உள்ளூர் விடைகளை வரிசைப்படுத்துவதாகக் கூகிள் கூறுகிறது. வீட்டிலிருந்து உணவு அனுப்பும் பெண்டிர் வீட்டு முகவரியை மறைத்து, அனுப்பும் பகுதிகளை மட்டும் காட்டலாம். இப்பதிவுடன் இலவசமாக ஒற்றைப் பக்கத் தளமும் முன்பு கிடைத்துவந்தது. 2024 மார்ச்சில் கூகிள் அவ்வசதியை நிறுத்திவிட்டது. அம்முகவரியை இன்றும் விசிட்டிங் கார்டில் அச்சிட்டு வைத்திருப்போர் உடனே மாற்றிவிடுக.

"உங்கள் பக்கத்தை முதலிடத்தில் நிறுத்துகிறோம்" என்று தொலைபேசியில் பணம் கேட்போரைப் பற்றியும் சொல்லவேண்டும். முதலிடத்துக்கு யாரும் உறுதி கூற இயலாது என்று கூகிளே எழுதி வைத்திருக்கிறது. "குறிச்சொற்கள்" என்று பக்கத்தின் மறைவில் நூறு சொற்களைத் திணித்துக் கூலி வாங்குவோரும் உளர். வரிசைப்படுத்துவதற்கு அக்குறிச்சொற்களைத் தாம் பார்ப்பதில்லை என்று கூகிள் 2009ஆம் ஆண்டிலேயே தெரிவித்துவிட்டது. அக்கூலிக்கு ஒரு மாத அரிசி வாங்கலாம்.

பக்கம் அடைவில் சேர்ந்துள்ளதா என்பதைக் கூகிள் சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்பதையும் அது தெரிவிக்கும். அச்சொற்களைக் கண்டு பக்கத்தைத் திருத்துவது நலம். தானியங்கி படிப்பது பக்கத்தின் கைப்பேசி வடிவத்தையே. ஆதலால் திருத்தியபின் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். செய்த மாற்றத்தின் பயன் தெரியச் சில நாட்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். இடையில் தொலைபேசி எண் மாறினால் பக்கத்திலும் வரைபடப் பதிவிலும், இரண்டிலும் திருத்த மறவாதீர்.