கடல் கடக்கும் காரும் தகுதிச் சான்றும்

நெடுந்தொலைவு செல்பவர் தம் கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் பலமுறை எடுத்துச் சரிபார்ப்பார். சொந்தக் காரிலேயே அயல்நாடு செல்பவர் சரிபார்க்க வேண்டிய சான்று இன்னொன்றும் உண்டு. அது மனிதருக்கு உரியது அன்று. அவரைச் சுமந்து செல்லும் ஊர்திக்கு உரியது. ‘இவ்வூர்தி சாலையில் ஓடத் தகுதியுடையது’ என்று சோதித்து அறிந்தபின் வழங்கப்படும் தகுதிச் சான்றே அது. இச்சான்றுக்குக் கால எல்லை உண்டு. கார் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் நாள்கள் கழிந்துகொண்டே இருக்கும். பயணத்தின் நடுவே சான்றின் காலம் முடிந்துவிட்டால் என்ன ஆகும்? பிரிட்டனில் உள்ள நடைமுறையைக் கொண்டு இதனை அறியலாம்.

சோதனையின் தோற்றம்

பிரிட்டனில் கார்களுக்கான தகுதிச் சோதனை 1960ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் எர்னஸ்ட் மார்பிள்ஸ். போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துகளைக் கொண்டு மக்கள் இதனை ‘எம்.ஓ.டி. சோதனை’ என்று அழைத்தனர். அப்பெயரே இன்றும் வழங்குகிறது. தொடக்கத்தில் 10 ஆண்டுகள் ஓடிய ஊர்திகளுக்கு மட்டுமே இச்சோதனை இருந்தது. பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவை பார்க்கப்பட்டன. 1961இல் அந்த வயது 7 ஆகவும், 1967இல் 3 ஆகவும் குறைக்கப்பட்டது. இன்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் 3 ஆண்டுகள் நிறைந்த கார் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும்.

அரசின் ஒப்புதல் பெற்ற பட்டறைகளில் இச்சோதனை நடைபெறுகிறது. பிரேக், ஸ்டீயரிங், விளக்குகள், டயர்கள், இருக்கைப் பட்டைகள், கண்ணாடி துடைப்பான், ஒலிப்பான், புகையின் அளவு முதலியவை ஆராயப்படுகின்றன. டயரில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கார் தேர்ச்சி பெறாது. பள்ளம் தேய்ந்த டயர் மழைநீரை ஒதுக்கித் தள்ளாது. ஈரச் சாலையில் வழுக்கும். பட்டறைக்காரர் அளக்கும் ஒன்றரை மில்லிமீட்டரில் ஒரு குடும்பத்தின் உயிர் அடங்கியிருக்கலாம்.

பயணமும் நாள் கணக்கும்

லண்டனில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அவர்களுடைய காரின் சான்று ஜூன் 20ஆம் நாளுடன் முடிகிறது. ஜூன் 1 அன்று அவர்கள் டோவர் துறைமுகத்தில் காரைக் கப்பலில் ஏற்றி, பிரான்சின் கலே துறைமுகத்தில் இறங்குகின்றனர். பிரான்சையும் ஜெர்மனியையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஜூலை 10 அன்று திரும்புவது அவர்கள் திட்டம். புறப்படும் நாளில் சான்று செல்லும். திரும்பும் நாளில் செல்லாது.

‘அயல்நாட்டில் உள்ள பட்டறையில் சோதித்துக்கொண்டால் போதாதா?’ என்று கேட்கத் தோன்றும். பிரான்சில் கார் 4 ஆண்டுகள் நிறையும்போது முதன்முறையாகச் சோதிக்கப்படுகிறது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கப்படுகிறது. ஜெர்மனியிலோ புதிய காருக்கு 3 ஆண்டில் முதற்சோதனையும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுசோதனையும் உண்டு. ஆயினும் அந்நாடுகளின் சோதனை பிரிட்டனில் பதிவான காருக்கு எம்.ஓ.டி. சான்றாகக் கொள்ளப்படாது. ஒரு பள்ளியில் பயிலும் மாணவருக்கு வேறொரு பள்ளி தேர்ச்சி அட்டை வழங்க முடியாதது போன்றதே இது. கார் எங்குப் பதிவாகியுள்ளதோ அந்நாட்டின் சான்றே அதற்குரியது.

இச்சிக்கலுக்கு விதியிலேயே வழி உண்டு. சான்று முடிவதற்கு ஒரு மாதத்திற்கு ஒரு நாள் குறைவான காலத்திற்குள் சோதனை செய்துகொண்டால், பழைய முடிவு நாள் மாறுவதில்லை. மேற்கண்ட குடும்பம் மே 21 முதல் காரைச் சோதிக்கலாம். மே 25 அன்று தேர்ச்சி பெற்றால், புதிய சான்று அடுத்த ஆண்டு ஜூன் 20 வரை செல்லும். ஒரு நாளும் வீணாகாது. பழுது ஏதேனும் தெரியவந்தால் அதனைச் சரிசெய்யப் புறப்படுமுன் ஒரு வாரமும் கிடைக்கும்.

மார்ச் முதல் நாள் புறப்பட்டுச் செப்டம்பரில் திரும்புவோருக்கு இவ்வழி பயன்படாது. அவர்கள் பிப்ரவரியிலேயே சோதித்துக்கொள்ளலாம். அப்போது புதிய சான்றின் ஓராண்டு சோதனை நடந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். பழைய சான்றில் எஞ்சியிருந்த மாதங்களை இழக்க நேரிடும். எனினும் நடுவழியில் சான்றில்லாமல் நிற்பதைவிட இவ்விழப்பு சிறிதே.

காலம் கடந்துவிட்டால்

சான்று முடிந்த காரைப் பிரிட்டன் சாலையில் ஓட்டினால் 1000 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம். காரின் பதிவெண்ணைக் கொண்டே அதற்குச் சான்று உண்டா இல்லையா என்பதைக் காவலர் கணினியில் பார்த்துவிடுவர். சான்று இல்லாத காருக்குச் சாலை வரியையும் புதுப்பிக்க இயலாது. ஊர்தி சாலைத் தகுதியுடன் இருத்தல் வேண்டும் என்பது பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் உள்ள கட்டுப்பாடு. ஆகவே விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதிலும் இடர் உண்டாகலாம்.

எதிர்பாராத நோயினாலோ வேறு காரணத்தாலோ திரும்புவது தாமதமானவர் என்ன செய்வது? அவருக்கும் ஒரு குறுகிய வழி திறந்திருக்கிறது. முன்னரே நாள் குறித்து ஏற்பாடு செய்த சோதனைக்குக் காரை ஓட்டிச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது. எனவே அவர் நாடு திரும்புமுன்பே துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஒரு பட்டறையில் நேரம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ததற்கான சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். கரையிறங்கியதும் நேரே அங்குச் செல்ல வேண்டும். இடையில் உறவினர் வீட்டுக்கோ கடைக்கோ செல்ல இச்சலுகை உதவாது. காப்பீடும் அந்நாளில் நடப்பில் இருத்தல் வேண்டும்.

சான்று காவல் அன்று

தேர்ச்சி பெற்ற கார் ஆண்டு முழுவதும் பழுதின்றி இருக்கும் என்று சான்று உறுதி கூறுவதில்லை. சோதித்த நாளில் காரின் நிலை என்ன என்பதையே அது காட்டுகிறது. அடுத்த மாதமே டயரில் ஆணி குத்தலாம், விளக்கு அணைந்துபோகலாம். எஞ்சின், கிளட்ச், கியர்பெட்டி ஆகியவற்றின் உள்நிலையை இச்சோதனை ஆராய்வதும் இல்லை. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் நாடுவிட்டு நாடு செல்லும் ஊர்தி நல்ல இயங்குநிலையில் இருத்தல் வேண்டும் என்கிறது. ஆகவே சான்றைப் பெட்டியில் வைப்பதோடு கடமை முடிவதில்லை. நாள்தோறும் புறப்படுமுன் டயரையும் விளக்கையும் ஒருமுறை பார்ப்பதே பயணியின் உண்மையான காவல்.

இந்தியாவில்

தில்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள நெடுஞ்சாலைகளில் ‘டி.என். 28’ எனத் தொடங்கும் எண்பலகையுடன் ஒரு லாரி கடந்து சென்றால், அது நாமக்கல்லில் பதிவான வண்டி என்று அறியலாம். அதற்கும் தகுதிச் சான்று உண்டு. லாரி ஓட்டுநர்கள் அதனை ‘எஃப்.சி.’ என்பர். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதிச் சான்று இந்தியா முழுவதும் செல்லும். ஆகவே நாமக்கல் லாரி எத்தனை மாநில எல்லைகளைக் கடந்தாலும் புதிய சான்று தேட வேண்டுவதில்லை. ஆனால் சான்றின் நாள் முடிந்துவிட்டால் எந்த மாநிலத்திலும் அது செல்லாது.

நாட்டின் எல்லை பெரிதாயினும் சிறிதாயினும் நாளின் எல்லை மாறுவதில்லை. புறப்படுமுன் நாள்காட்டியைப் பார்ப்பவரே கவலையின்றித் திரும்புவர்.

பயிற்சி

1. பிரான்சில் செய்யப்படும் சோதனை பிரிட்டன் காருக்கு ஏன் எம்.ஓ.டி. சான்றாகக் கொள்ளப்படுவதில்லை?
2. ஒரு காரின் எம்.ஓ.டி. சான்று செப்டம்பர் 15 அன்று முடிகிறது. முடிவு நாள் மாறாமல் புதுப்பிக்க, எந்நாள் முதல் அக்காரைச் சோதிக்கலாம்?
3. ‘சான்று காவல் அன்று’ என்னும் தொடரின் பொருளை ஐந்து வரிகளில் விளக்குக.
4. உங்கள் வீட்டு ஊர்தியின் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றும் காப்பீடும் எந்நாள் வரை செல்லும்? பெற்றோரிடம் கேட்டு எழுதுக.