கப்பலுக்கு ஒரு போத்தல்



கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் நிலையத்துத் தொலைபேசியில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணை, சவுத்ஹம்டனிலை கப்பல் ஏறப் போறம். வைன் கொண்டுபோக விடுவினமோ?" கேட்பவர்கள் எல்லோரும் குடிப்பவர்கள் அல்லர். திருமண நாள், அறுபதாவது பிறந்தநாள் என்று வீட்டில் ஒரு கொண்டாட்டம் இருக்கும். கப்பலில் விற்கும் விலையைக் கேள்விப்பட்டுத்தான் கேட்கிறார்கள். நான் வைன் நிபுணன் அல்லன், கணக்காளன். ஆகவே கணக்காகவே சொல்கிறேன்.

முதலில் விதி. ரோயல் கரிபியன், கார்னிவல் போன்ற பெரிய கம்பனிகளில், குடிக்கும் வயதுக்கு வந்த ஒருவர் 750 மில்லி லீற்றர் கொண்ட, திறக்கப்படாத ஒரு வைன் அல்லது ஷம்பெயின் போத்தலைக் கொண்டு செல்லலாம். அதுவும் பயணம் தொடங்கும் நாளில், கைப்பையில் மட்டுமே. விஸ்கி, பிராந்திக்கு அனுமதி இல்லை. அறையில் வைத்துத் திறந்தால் செலவில்லை. சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனால் பல கப்பல்களில் போத்தல் திறப்பதற்கென்று ஒரு கட்டணம் எடுப்பார்கள். கம்பனிக்குக் கம்பனி விதி வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். ஆகவே பெட்டி கட்டுமுன் உங்கள் பயணச்சீட்டின் நிபந்தனைகளை ஒருமுறை வாசியுங்கள்.

ஆளுக்கு ஒரு போத்தல்தான் என்றால், அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? இங்கேதான் என் தொழில் உதவுகிறது. பிரித்தானியாவில் வைனுக்கான தீர்வை விலையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. அதிலுள்ள மதுசாரத்தின் அளவைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. 2025 பெப்ரவரியில் வந்த வீதப்படி, 12.5 வீதம் மதுசாரம் உள்ள ஒரு போத்தலுக்குத் தீர்வை ஏறத்தாழ 2 பவுண் 77 பென்ஸ். போத்தல் 6 பவுணுக்கு விற்றால் அதில் வற் வரி 1 பவுண். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 2 பவுண் 23 பென்ஸ். கண்ணாடி, மூடி, கப்பற்கூலி, கடைக்காரரின் இலாபம், கடைசியாக வைன், எல்லாம் அதற்குள்தான். அதே அளவு மதுசாரம் உள்ள 12 பவுண் போத்தலில் வற் வரி 2 பவுண், தீர்வையோ அதே 2 பவுண் 77 பென்ஸ். மிச்சம் 7 பவுண் 23 பென்ஸ். நீங்கள் கொடுப்பது இரண்டு மடங்கு, வரி போக மிஞ்சுவது மூன்று மடங்குக்கும் மேல். தீர்வை வீதம் காலத்துக்குக் காலம் மாறினாலும் கணக்கின் போக்கு இதுதான். அதிகம் வாங்க முடியாத இடத்தில் மலிவானதை வாங்குவது சிக்கனம் ஆகாது.

எதை வாங்குவது? எங்கள் நாக்கு உறைப்புக்குப் பழகியது. துவர்ப்பும் மதுசாரமும் கூடிய சிவப்பு வைன், கறியோடு சேர்ந்தால் எரிவைக் கூட்டும். மெல்லிய இனிப்புள்ள றீஸ்லிங் போன்ற வெள்ளை வைன் அதைத் தணிக்கும், மீனுக்கும் பொருந்தும். பல ஆண்டுகள் வைத்த பழைய வைன் வேண்டாம். அதன் அடியில் தங்கிய மண்டி, பயண ஆட்டத்தில் கலங்கிவிடும். திருகு மூடி உள்ளதாக எடுத்தால் தக்கை திறப்பான் தேடி அலையவும் தேவையில்லை.

இனி, பலர் நேரடியாகக் கேட்கத் தயங்கும் விடயம். எங்கள் 25ஆவது திருமண நாளுக்குக் கப்பல் பதிவு செய்தபோது என் மச்சான் ஒரு யோசனை சொன்னார். ஷாம்பு போத்தலுக்குள் விஸ்கியை ஊற்றி, பெட்டிக்குள் வைக்கட்டாம். நானும் அரை மனதோடு ஷாம்பு போத்தலைக் கழுவத் தொடங்கிவிட்டேன். குசினி வாசலில் நின்று பார்த்த என் மனைவி சொன்னார்: "நான் ஒருக்கா ஒளிச்சுக் கடல் கடந்தனான். அது போதும்."

1990இல் மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இருட்டில் வள்ளத்தில் போனவர் அவர். அப்போது அவருக்குப் பதினேழு வயது. கையில் ஒரு பையும் கொண்டுபோக விடவில்லையாம். மண்டபம் முகாமில் இருந்த காலத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கே அவர் அதிகம் சொன்னதில்லை. கப்பல் என்றதும் முதலில் மறுத்தவரும் அவர்தான். நான் ஷாம்பு போத்தலைக் குப்பையில் போட்டேன். பெட்டிகள் ஊடுகதிர்ச் சோதனைக்குப் போகின்றன, பிடிபட்டால் பறிமுதல், சில வேளை பயணமே இல்லை என்பதெல்லாம் பிறகு நான் வாசித்து அறிந்தவை.

சவுத்ஹம்டனில் சோதனை அதிகாரி கைப்பையைத் திறந்து பார்த்தார். ஒரு றீஸ்லிங் போத்தலும் மனைவியின் பங்குக்கு ஒரு ஷம்பெயினும் இருந்தன. "ஏதும் கொண்டாட்டமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு அனுப்பினார். மனைவி குடிப்பதில்லை. அன்று மாலை மேல்தளத்தில் கரை மறையும் வரை என் கையைப் பிடித்தபடி நின்றார். ஷம்பெயினைப் பக்கத்து மேசைத் தம்பதியோடு பகிர்ந்தோம்.

திரும்பும்போது கணக்கு வேறு. வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போய் வரும் 17 வயதுக்கு மேற்பட்ட ஒருவர், தீர்வையின்றி 18 லீற்றர் வைன் கொண்டுவரலாம். 2021 ஜனவரியில் வந்த விதி இது. சாதாரண போத்தலில் 24. ஆனால் அந்த அளவைத் தாண்டினால், கூடியதற்கு மட்டுமல்ல, கொண்டுவந்த வைன் முழுவதற்கும் வரி உண்டு. இடைத் துறைமுகங்களில் வாங்குவதைப் பெரும்பாலும் கப்பலில் வாங்கி வைத்து, கடைசி நாளில்தான் திருப்பித் தருவார்கள்.

போகும்போது ஆளுக்கு ஒரு போத்தல், நல்லதாக, ஒளிக்காமல். இந்த நாட்டில் நாங்கள் எதையும் மறைத்துக்கொண்டு கப்பலேற வேண்டியதில்லை.