டெஸ்டோஸ்டிரோன் குறைவு: ஊசிக்கு முன் தெரிய வேண்டியவை

சோர்வு, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, காலையில் வரும் இயல்பான விறைப்பு நின்றுபோவது, தசை மெலிவது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவதன் அறிகுறிகளாக இருக்கக்கூடிய இவற்றை மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைக்கும் ஆண்கள் நம்மிடையே ஏராளம். அந்த வெட்கத்தைக் காசாக்கத்தான் பேருந்து நிலையச் சுவர்களில் ‘ஆண்மைக் குறைவா?’ என்ற போஸ்டர்களும், மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவர்களும் இருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து, முறையாகச் சிகிச்சை பெறக்கூடிய குறைபாடு இது. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

காலையில், இரண்டு முறை

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். வேலை முடிந்து ஆறு மணிக்கு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தால், நலமாக இருப்பவருக்கும் அளவு குறைவாகக் காட்டலாம். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். குறைந்திருந்தால் வேறொரு நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருப்பதையே குறைவு என்கிறது அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டி. அதோடு அறிகுறிகளும் இருந்தால்தான் சிகிச்சை.

அடுத்து, விதைகளைத் தூண்டும் ஹார்மோன்களான எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். அளவுகளைப் பார்க்க வேண்டும். இவை உயர்ந்திருந்தால் கோளாறு விதைகளில்: பருவ வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, புற்றுநோய்ச் சிகிச்சை, பிறவியிலேயே வரும் குரோமோசோம் மாற்றம் போன்றவை காரணமாகலாம். உயராமல் இருந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரியைச் சோதிக்க வேண்டும். அங்கே கட்டி இருக்கவும் வாய்ப்புண்டு. இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக ஊசி எழுதுவது நல்ல வைத்தியம் அல்ல.

தொப்பையும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு உடல் எடை இறங்கினாலே அளவு ஓரளவு ஏறும். மருந்துக்கு முன் அதைத் தொடங்குவது நல்லது.

ஊசி, ஜெல், மாத்திரை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் விலை மலிவு. ஆனால் போட்ட சில நாள் உற்சாகம், அடுத்த ஊசி நெருங்கும்போது சோர்வு என்று ஏற்ற இறக்கம் இருக்கும். அன்டெகனோயேட் என்ற 1000 மில்லிகிராம் ஊசியை, முதல் இரண்டு தவணைக்குப் பிறகு, 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். கெட்டியான எண்ணெய் மருந்து என்பதால் இடுப்பில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். போட்டவுடன் சிலருக்கு இருமல், மூச்சுத்திணறல் வரும் என்பதால் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும்.

தினமும் தோளில் தடவும் ஜெல் அளவைச் சீராக வைக்கும். தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு சட்டை அணிய வேண்டும். அந்தத் தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டால் ஹார்மோன் குழந்தையின் உடலில் ஏறிவிடும். அன்டெகனோயேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். ஈரலைப் பாதிக்கும் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் வேண்டவே வேண்டாம்.

எதை எடுத்தாலும் கண்காணிப்பு அவசியம். ரத்தம் கெட்டியாகி, ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். பிராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் டெஸ்டோஸ்டிரோனால் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்றுக் கூடின.

குழந்தை வேண்டுவோருக்கு

‘ஆண்மை ஊசி’ போட்டால் குழந்தை பிறக்கும் என்று நம்புகிறவர்கள் பலர். உண்மை நேர் எதிரானது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் சமிக்ஞையை நிறுத்திவிடும். விதைகளில் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். 1990இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தது. வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது.

இவர்களுக்கு வழி வேறு. பிட்யூட்டரி கோளாறுக்கு ஹெச்.சி.ஜி., தேவைப்பட்டால் எஃப்.எஸ்.ஹெச். ஊசிகள் விதைகளையே வேலை செய்யவைக்கும். குளோமிஃபீன் மாத்திரையும் சிலருக்கு உதவும். விதைகளே பழுதடைந்திருந்தால் குழந்தைப்பேற்று நிபுணரிடம் போக வேண்டும்.

ஜிம்மில் உடம்பை ஏற்ற ஊசி போட்டுக்கொள்ளும் தம்பிகளுக்கும் இதே கதைதான். நிறுத்திய பிறகு விந்தணு திரும்பப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் எண்டோகிரைனாலஜி (ஹார்மோன்) மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த ஊசி, எத்தனை மாதம் என்பது தெரிந்தால்தான் அவர் சரியான மருந்தை எழுத முடியும்.